பொன்னாடைக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று கெஜம்

நாவலடிக்கேணி இந்து மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை எதையும் அவசரப்பட்டுச் செய்த சங்கமல்ல. 1983ஆம் ஆண்டின் கடைசியில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டு முன்னறையில் பதினொரு பேர் கூடி அதைத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதமே அதற்கு நாற்பத்தொரு பிரிவுகள் கொண்ட யாப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கே அப்படி ஒன்று இருந்ததில்லை. அங்கே அதிபரின் பிரம்பு போதுமானதாக இருந்தது. 1988இல் சங்கத்துக்கு இருநூற்றாறு உறுப்பினர்களும் ஒன்பது உபகுழுக்களும் ஒரு குத்துவிளக்கும் இருந்தன. நானும் ஆயுட்கால உறுப்பினன். ஆயுள் எவ்வளவு நீளம் என்பது அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தச் சங்கத்தின் கையில் அகப்பட்டவன் உதயசீலன். ஒரு குற்றமும் செய்யாதவன். பந்து பிடிப்பான், அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் ஒரு பையோடு லண்டனுக்கு வந்து, தன் சித்தப்பா யோகலிங்கத்தின் வீட்டில் தங்கி, ஒரு பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். 1987 அக்டோபரில் கிரிக்கெட் அணியில் பெயர் கொடுக்கலாம் என்று கல்லூரிக் கன்டீனுக்குப் போனான். கிரிக்கெட் மேசையில் இருந்தவன், ஏப்ரலில் வா என்றான். பக்கத்து மேசையில் தலைக்கவசங்களை அடுக்கிவைத்திருந்தார்கள். அங்கிருந்து யாரோ முன்னறிவிப்பில்லாமல் பழுப்பு நிறப் பந்தொன்றை அவன் முகத்துக்கு நேரே எறிந்தார்கள். இரண்டு பக்கமும் கூரான பந்து. சீலனின் ஒரு கையில் சிப்ஸ் தட்டு இருந்தது. மற்றக் கையால் பந்தைப் பிடித்தான். ஒரு சிப்ஸும் கீழே விழவில்லை. அன்று பின்னேரமே அவன் ‘தண்டர்ஸ்’ அணியின் வைட் ரிசீவர் ஆகிவிட்டான்.

விளையாட்டின் பெயர் அமெரிக்கக் கால்பந்து. காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. அந்த வருடங்களில் ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் இதைக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். பார்த்த கல்லூரிப் பையன்கள் எல்லாரும் தோளுக்குக் கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு மழையில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டர்ஸின் கோச் ஒரு புவியியல் விரிவுரையாளர். அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்தவர் என்பதே அவருடைய தகுதி.

வைட் ரிசீவரின் வேலை சுலபமானது. வரிசையின் கடைசி ஓரத்தில் தனியாக நிற்கவேண்டும். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் ஓடி, சொன்ன இடத்தில் திரும்பி, பந்து வருகிறதா என்று பார்க்கவேண்டும். நடுவில் நிற்பவன் எறிவான். ஆனால் தண்டர்ஸில் எறிபவனுடைய அறைத்தோழன் மற்ற ஓரத்தில் நின்றான். பந்தெல்லாம் அங்கேயே போனது. முதல் பருவம் முழுக்கச் சீலன் இருநூறு தடவைக்கு மேல் ஓடியிருப்பான். பந்து அவன் பக்கம் வந்தது நான்கு தடவை. அதில் மூன்று தலைக்கு மேலால் போயின.

“அப்ப நீ ஏனடா ஓடுறாய்?” என்று யோகலிங்கம் கேட்டார்.

“நான் ஓடினாத்தான் சித்தப்பா அவங்கட ஆள் ஒருத்தன் எனக்குப் பின்னால வருவான். மற்றப் பக்கம் லேசாகும்.”

“சங்கத்தில என்ர உபசெயலாளர் வேலையும் உதுதான்,” என்றார் யோகலிங்கம்.

உடைமாற்றும் அறையின் கதவில் கோச் ஒரு காகித மட்டையைத் தொங்கவிட்டிருந்தார். எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு கடந்தால் ‘டச்டவுன்’, ஆறு புள்ளி. யார் யார் எத்தனை தடவை கடந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். உதயசீலன் என்ற பெயர் நீளம் என்பதால் ‘சீல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டிருந்தார்கள். 1989 கோடையில் படிப்பு முடிகிறது. அதற்குள் அந்தப் பூச்சியத்தை ஒன்றாக்கவேண்டும். லண்டனில் அவன் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். வீட்டிலிருந்து கடிதம் வரும் என்று ஆசைப்பட்டுக் காத்திருப்பதைக்கூட அவன் நிறுத்தியிருந்தான். இந்த ஒன்றோ தன் காலாலும் கையாலும் ஆகக்கூடிய காரியம் என்று நினைத்தான்.

1988 நவம்பரில் ஒரு பந்து வந்தது. சீலன் காற்றில் கிடையாகப் பறந்து அதைப் பிடித்தான். பிடித்த இடம் எல்லைக்கோட்டுக்கு வெளியே என்பதால் அது கணக்கில் இல்லை. ஆனால் குரோய்டன் பக்கத்து இலவசப் பத்திரிகை ஒன்றின் படப்பிடிப்பாளர் அன்று வந்திருந்தார். அடுத்த வாரம் படம் வெளியானது. யோகலிங்கம் பெருமை தாங்காமல் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப்போய் நிர்வாகக்குழுக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தார். மனிதர் நல்லவர். முன்பின் யோசிக்கிற வழக்கம் மட்டும் இல்லை.

தலைவர் கணேசலிங்கம் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். ஊரில் உதவி அரசாங்க அதிபராக வரவேண்டியவர், இங்கே ஒரு கார்ப் பார்க்கில் தடுப்புக் கம்பத்தை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார். கிழமைக்கு ஆறு நாள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏழாம் நாள் அவர் தலைவர்.

“எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை! வெள்ளைக்காரனுக்கு மேலால பறக்கிறான்!” என்றார். “நாங்கள் ஒருத்தரையும் பாராட்டாமல் ரெண்டு வருசமாச்சுது. பொன்னாடை பெட்டிக்குள்ள கிடந்து மடிப்போட கிழியப்போகுது. உடன ஒரு விழா வைக்கவேணும்.”

“பொறுங்கோ தலைவர்,” என்றார் செயலாளர் குலசேகரம். அவர் ஊரில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞர், இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். சங்கத்தின் கூட்டக்குறிப்புப் புத்தகம் அவருடைய இடக்கையின் ஒரு பகுதி. “இது எந்த உபகுழுவுக்குக் கீழ வருது? யாப்பின்படி விளையாட்டு எண்டா உதைபந்து, கரப்பந்து, கிரிக்கெட், கரம்போர்ட். இது நாலிலயும் இல்லை. ரெண்டாவது, தம்பி உறுப்பினரோ?”

தம்பி உறுப்பினர் இல்லை. விண்ணப்பப் படிவம் மூன்று பிரதிகளில் கொடுக்கப்பட்டது. அத்துடன் பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய சான்றிதழ் வேண்டும். சீலனிடம் அது இல்லை. அதற்கென்று நேர்முகத் தேர்வு ஒன்று வைத்தார்கள்.

மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சீலன் பயிற்சி முடிந்து சேற்றுக்காலோடு வந்திருந்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு இல்லங்களின் நிறம் கேட்டார்கள், சொன்னான். கல்லூரிக் கீதத்தின் இரண்டாம் சரணத்தைப் பாடச் சொன்னார்கள். எழுந்து நின்று பாடினான். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் இரண்டாம் சரணம் தெரியாது என்பதால் அவன் சரியாகப் பாடினானா என்று தீர்மானிக்க முடியவில்லை.

“எல்லாம் சரி தம்பி,” என்றார் குலசேகரம். “ஆனா சான்றிதழ் இல்லாட்டி அதிபரிட்ட இருந்து ஒரு கடிதம் வேணும்.”

“ஐயா, பள்ளிக்கூடத்துக்குள்ள ஆமி முகாம் இருக்கு.”

“இருக்கட்டுமே. அதிபரின்ர கந்தோர் திறந்திருக்கும்தானே?”

“கந்தோருக்குள்ளதான் ஆமி இருக்கு. அதிபர் கோயில் மடத்தில வகுப்பு நடத்துறார் எண்டு கேள்வி. வேணுமெண்டா மடத்து விலாசத்துக்கு எழுதிக் கேக்கிறன்.”

“கேளுங்கோ. ஆனா பள்ளிக்கூடக் கடிதத் தலைப்பில வரவேணும், முத்திரையோட. மடத்துக் கடதாசி செல்லாது.”

சீலன் அவர் முகத்தைப் பார்த்தான். பகிடி விடுகிறாரா என்று கண்டுபிடிக்க முயன்றான் என்று பிறகு என்னிடம் சொன்னான். அவர் பகிடி விடவில்லை. அன்றிரவே அதிபருக்குக் கடிதம் எழுதிப் போட்டான்.

தலைவருக்கோ பொறுமை இல்லை. கடிதம் வருவதற்குள் பையன் பறப்பதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: வெளியாரைப் பாராட்ட யாப்பில் தடை இல்லை, அவர் வெளியார் என்று எழுதிவைத்தால் போதும். தீர்மானம் 117. அதைக் குலசேகரமே எழுதி வாசித்தார்: “திரு. உதயசீலன் அவர்கள் பாராட்டப்படுவதை முன்னிட்டு அன்னாரை இச்சங்கத்தின் உறுப்பினராகவோ, இச்சங்கத்துடன் எவ்விதத்திலும் தொடர்புடையவராகவோ கருதலாகாது எனவும், அன்னாருடைய செயல்களுக்கு இச்சங்கமோ இச்சங்கத்தின் செயல்களுக்கு அன்னாரோ பொறுப்பல்லர் எனவும் இத்தால் தீர்மானிக்கப்படுகிறது.” முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டார்கள், முத்திரை குத்தினார்கள். யோகலிங்கம் அழைப்பிதழ் அச்சடிக்கப் போனார். வைட் ரிசீவர் என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று மூன்று கூட்டம் நடந்தது. ‘அகல் ஏற்பாளர்’ என்று ஒரு பகுதியும் ‘விரிபற்றுநர்’ என்று ஒரு பகுதியும் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் ‘விளையாட்டு வீரர்’ என்று போட்டார்கள்.

தண்டர்ஸ் அந்த வருடம் தவறிப்போய்த் தென்பகுதிக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. 1989 மார்ச், ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டனுக்கு அப்பால் அவர்களுடைய சொந்த மைதானத்தில். விழாவை அங்கேயே, இடைவேளையில் வைப்பது என்று சங்கம் முடிவு செய்தது. யோகலிங்கம் கோச்சிடம் போய், ஒரு சால்வை போர்த்த இரண்டு நிமிடம் வேண்டும் என்று கேட்டார். அந்த ஆங்கிலேயர், தாராளமாக என்றார். எங்கள் இரண்டு நிமிடத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை.

“பிள்ளையை விளையாட விடுங்கோவன்,” என்றார் யோகலிங்கத்தின் மனைவி தவநாயகி. “முடிஞ்சாப் பிறகு போத்தினா பொன்னாடை ஒட்டாதோ?”

“முடிஞ்சாப் பிறகு சனம் போயிடுமப்பா,” என்றார் யோகலிங்கம்.

ஆட்டத்துக்கு முன் கோச் சீலனைத் தனியாகக் கூப்பிட்டார். “உனக்குப் பந்து வராது என்பது எல்லா அணிகளுக்கும் தெரிந்துவிட்டது. உன்னைக் காவல் காப்பதையே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பந்து, ஒரேயொரு பந்து, உனக்கு வரும். எப்போது என்று கேட்காதே. ஒவ்வொரு தடவையும் அதுதான் என்று நினைத்து ஓடு,” என்றார். சீலனுக்கு இதற்குப் பிறகு ஆட்டம் கிடையாது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான்.

முதல் பாதி முழுக்க ஓடினான். பந்து வரவில்லை. இடைவேளைக்கு விசில் ஊதியபோது நாங்கள் அறுபது பேர் வேட்டி, சேலை, குளிர்ச்சட்டை சகிதம் மைதானத்தின் நடுவே இறங்கினோம். குத்துவிளக்கை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். காற்றில் திரி பற்றவில்லை. சுற்றிவர எட்டுக் குடை பிடித்து, பதினாலாவது நெருப்புக் குச்சியில் பற்றியது. கடவுள் வணக்கம், அக வணக்கம், கல்லூரிக் கீதம். வரவேற்புரையைச் செயலாளர் நிகழ்த்தினார். பிரதம விருந்தினர் டாக்டர் சுந்தரராஜன், தமிழ்நாட்டுக்காரர், ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்தவர். அவர் என் காதுக்குள், “ஏங்க, இந்தப் பையன் என்ன விளையாடுறாரு? ரக்பியா?” என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாததால் ஆமா என்றேன்.

பிறகு தலைவர் உரை. “ஒரு வீரன் எப்படி உருவாகிறான்?” என்று கணேசலிங்கம் தொடங்கினார். “பந்தினாலா? இல்லை. பயிற்சியினாலா? இல்லவே இல்லை. அவனுக்குப் பின்னாலே ஒரு சங்கம் இருக்கிறது! இந்தச் சங்கத்தை இந்த நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என்னுடைய இரண்டாவது பதவிக்காலத்திலே...”

சீலன் நடுவில் நின்றான். வியர்வை ஆறி உடம்பு விறைத்துக்கொண்டிருந்தது. எதிரணி எப்போதோ களத்துக்குத் திரும்பிக் குதித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தது. நடுவர், கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட சட்டைக்காரர், வந்து மணிக்கூட்டைக் காட்டினார். தலைவர் அதை நேரம் சொல்லும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைத்துவிட்டு மேலே பேசினார்.

“இவர்கள் யார்?” என்று நடுவர் கோச்சிடம் கேட்டார். கோச் சீலனைப் பார்த்தார். சீலன் தரையைப் பார்த்து, “எங்கள் ஆட்கள்தான் சார்,” என்றான்.

நடுவர் நீளமாக விசில் ஊதி எல்லாரையும் கோட்டுக்கு வெளியே விரட்டினார். தலைவர் உரை பாதியில் நின்றது. பொன்னாடை போர்த்தவே இல்லை. குலசேகரம் நிகழ்ச்சிநிரலை எடுத்து, நடந்தவற்றுக்கு நேரே சரி போட்டு, மிச்சத்துக்கு நேரே ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினார்.

இரண்டாம் பாதியிலும் சீலன் ஓடினான். பந்து வரவில்லை. ஆட்டம் முடிய இருபது வினாடி இருக்கும்போது தண்டர்ஸ் பத்து, எதிரணி பதின்மூன்று. பந்து தண்டர்ஸ் கையில். அந்த இடத்திலிருந்து கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை. யோசிப்பதற்காகக் கோச் ‘டைம் அவுட்’ கேட்டார். ஆட்டம் நின்றது.

ஆட்டம் நின்றதைக் குலசேகரம் கண்டார். “தலைவர், அடுத்த இடைவேளை விட்டிருக்கிறாங்கள்,” என்றார். கணேசலிங்கம் ஒலிவாங்கியோடு உள்ளே போய், “விட்ட இடத்திலிருந்து தொடருகிறேன்,” என்றார். நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். ஆட்டத்தைத் தாமதித்த குற்றத்துக்குச் சொந்த மைதானத்து அணிக்கு ஐந்து கெஜம் பின்னால். தலைவர் துணியைப் பொறுக்கி அவரிடமே கொடுத்துவிட்டு, தமது மூன்றாவது பதவிக்காலத்துக்கு வந்தார். இன்னொரு ஐந்து கெஜம். யோகலிங்கம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் சங்கத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

பத்துக் கெஜம் பின்னால் போனதும் உதைப்பதற்குத் தூரம் கூடிவிட்டது. இனி எறிவதைத் தவிர வழியில்லை. கோச் சீலனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

இதற்கிடையில் தலைவரும் செயலாளரும் மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போயிருந்தார்கள். இந்தப் பக்கம் வாய்ப்பில்லை, பொன்னாடையை ஆட்டம் முடிந்த கையோடு அங்கே வைத்துப் போர்த்திவிடலாம் என்பது திட்டம். நிகழ்ச்சிநிரலில் போட்டது நடந்தே ஆகவேண்டும். கணேசலிங்கம் சரிகைப் பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத் தயாராக நின்றார்.

சீலன் ஓடினான். பக்கத்தில் யாருமில்லை. திரும்பிப் பார்த்தான். பந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக ஒழுங்காக வராத பந்து, நேரே, மெதுவாகச் சுழன்றபடி. விரல் நுனியால் பிடித்து நெஞ்சோடு அணைத்தான். எதிரணியில் ஒருவன்தான் அதைக் கண்டு துரத்தினான், ஆனால் பின்தங்கிவிட்டான். எனக்கு விளையாட்டு விளங்காது. என்றாலும் எழுந்து நின்று கத்தினேன். “ஓடடா சீலன்!” என்று தவநாயகி கத்தியது விம்பிள்டன் கோயில் பிள்ளையாருக்கே கேட்டிருக்கும்.

இருபது கெஜம், பத்து, ஐந்து.

வீரன் தங்களை நோக்கி நேரே ஓடி வருவதைக் கணேசலிங்கம் கண்டார். என்ன அடக்கம், தானாகவே வாங்கிக்கொள்ள வருகிறானே என்று நெகிழ்ந்து போனாராம். நாலு எட்டு முன்னால் வைத்து, கோட்டைக் கடந்து உள்ளே வந்து, பொன்னாடையை அவன் தோளில் போர்த்தினார்.

சீலன் நின்றான்.

ஏன் நின்றாய், தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமே என்று தண்டர்ஸ் பையன்கள் அவனைப் பிறகு எத்தனையோ தடவை கேட்டார்கள். அவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? வயதான ஒருவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரே வந்தால் நம்முடைய கழுத்து தானாகவே குனிகிறது. கையும் தானாகவே எழுகிறது. சீலன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்து, இரண்டு கையும் கூப்பினான். அந்த நேரத்தில்தான் பின்னால் வந்த எதிரணிக்காரன் அவனையும் தலைவரையும் பொன்னாடையையும் ஒருசேரக் கட்டிப்பிடித்து விழுத்தினான். கோட்டுக்கு இன்னும் மூன்று கெஜம் இருந்தது. மணிக்கூட்டில் நேரம் முடிந்திருந்தது.

நான் அந்த முகத்தை மறக்கமாட்டேன். சேற்றில் இருந்து எழுந்து, சரிகைக்கரைக்குள்ளிருந்து கோட்டைப் பார்த்தான். கைநீட்டினால் தொடலாம் போல இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடுவர் ஓடிவந்தார். விதி இரண்டு விதமாக இருந்தது. ஆட்டத்தோடு தொடர்பில்லாத வெளியார் உள்ளே புகுந்து மறித்தால், மறிக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ அதையே நடுவர் கொடுக்கலாம். மறித்தவர்கள் அதே அணியின் ஆட்கள் என்றால் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்தது, தோல்வி.

“இடைவேளையில் இவர்கள் உங்கள் ஆட்கள் என்று நீ சொன்னாய்,” என்றார் நடுவர்.

சீலன் வாயைத் திறந்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. அதற்குள் குலசேகரம் குறுக்கே வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“சார், சங்கத்தின் சார்பில் கருத்துச் சொல்ல அதிகாரம் உள்ளவர் செயலாளர் மட்டுமே. பிரிவு இருபத்தாறு,” என்று கச்சேரி ஆங்கிலத்தில் சொன்னார். “இந்தப் பையன் இடைவேளையில் சொன்னது தவறு. இவர் எங்கள் உறுப்பினர் அல்ல. இவருடைய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.”

இடக்கையிலிருந்த கூட்டக்குறிப்புப் புத்தகத்தைத் திறந்து தீர்மானம் 117ஐ, ஒரு சொல் விடாமல், மொழிபெயர்த்து வாசித்தார். உறுப்பினர் அல்ல. எவ்விதத்திலும் தொடர்பில்லை. அன்னாருடைய செயல்களுக்கு நாங்களோ எங்கள் செயல்களுக்கு அன்னாரோ பொறுப்பல்லர்.

நடுவர் மற்ற நாட்களில் எங்கோ ஒரு கவுன்சிலில் திட்ட அனுமதிப் பிரிவில் வேலை பார்ப்பவராம். தமிழ் எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் இலக்கமிட்ட பக்கத்தையும் திகதியையும் இரண்டு கையொப்பத்தையும் ஊதா முத்திரையையும் அவரால் வாசிக்க முடிந்தது. அவர் முகம் இளகியது. அன்று முழுவதும் அந்த மைதானத்தில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுவாக இருந்திருக்கும். முத்திரையின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“இது உண்மையா?” என்று சீலனிடம் கேட்டார். “இவர்களுக்கும் உனக்கும் ஒரு தொடர்பும் இல்லையா?”

சீலன் செயலாளரைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். அவர் தொப்பையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு, ஆமென்று சொல் என்பதுபோல் தலையாட்டினார். யாப்பு என்றால் யாப்புத்தான்.

“ஓம் சார்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, “ஒன்றும் இல்லை,” என்று ஆங்கிலத்தில் முடித்தான்.

நடுவர் இரண்டு கையையும் மேலே உயர்த்தினார். டச்டவுன். பதினாறுக்குப் பதின்மூன்று.

பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவிலிருந்த மட்டையில் பூச்சியத்தை அடித்து ஒன்று போட்டார்கள். ஆட்டத்தில் பாவித்த பந்தை அவனுக்கே கொடுத்தார்கள். சந்தோசம்தான். ஆனால் அந்த ‘ஒன்றும் இல்லை’ என்ற சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என்னிடம் சொன்னான். அறுபது பேர் நடுவில் கீதத்தின் இரண்டாம் சரணம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் இப்படி எழுதினார்கள்: “இவ்வரலாற்று வெற்றிக்கு எமது சங்கத்தின் யாப்பே முழுமுதற் காரணம் என்பதை நடுவர் அவர்களே ஏற்றுக்கொண்டார்.” வரிக்கு வரி உண்மை. நானும் கைதட்டினேன்.

ஆகஸ்டில் அதிபரின் கடிதம் வந்தது. கோயில் மடத்துக் கடதாசி. முத்திரை இல்லை. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் நீல மையில் இரண்டு பந்தி. பொதுக்கூட்டத்தில் குலசேகரம் முதல் பந்தியை வாசித்தார்: உதயசீலன் எமது மாணவர், நல்ல பிள்ளை, வேகமாக ஓடுவார். ஒரு பெரிய விவாதம் எழுந்தது. கடதாசி செல்லாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய சிக்கல், யாப்பின்படி உறுப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து செல்லுபடியாகும். இப்போது சேர்த்துக்கொண்டால் மார்ச்சிலேயே அவன் உறுப்பினன் என்றாகிவிடும். அப்படியானால் டச்டவுன் பொய்யாகிவிடும்.

“தம்பியின்ர நன்மையைக் கருதித்தான் சொல்லுறன்,” என்றார் கணேசலிங்கம். “அவரை ஒருக்காலும் சேக்கப்படாது.”

ஏகமனதாக நிறைவேறியது.

“ரெண்டாம் பந்தியில என்ன இருக்கு?” என்று நான் கேட்டேன்.

“அது இண்டைக்கு நிகழ்ச்சிநிரலில இல்லை,” என்றார் குலசேகரம்.

யோகலிங்கம் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீலனிடம் கொடுத்தார். சங்கம் எடுத்த முடிவையும் சொன்னார். சீலன் சிரித்தான். பிறகு இரண்டாம் பந்தியை வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சாமான் ஒன்றையும் ஆமி வெளியே எடுக்க விடவில்லை என்றும், மடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும், பின்னேரத்தில் அவர்களைப் பிராக்காக்கி விளையாடவைக்க வழியில்லை என்றும் அதிபர் எழுதியிருந்தார். லண்டனில் பெரிய சங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஒரு பந்து அனுப்பச் சொல்லிக் கேட்க முடியுமா? ஒன்று போதும்.

அலுமாரிக்கு மேலே அவனுடைய பந்து இருந்தது. காற்றை இறக்கி மடித்தான். சுற்றுவதற்குத் தேடியபோது பொன்னாடை கையில் பட்டது, அதிலேயே சுற்றினான். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டான்.

1990 பெப்ரவரியில் மறுகடிதம் வந்தது. பந்து கிடைத்தது, பொன்னாடையைப் பிள்ளையாருக்குச் சாத்தினோம் என்று அதிபர் எழுதியிருந்தார். பந்தை உதைத்தால் நினையாத பக்கமெல்லாம் ஓடுகிறதாம். அதனால் பிள்ளைகள் கையால் எறிந்து பிடித்துப் பழகிவிட்டார்களாம். ஒரேயொரு சந்தேகம்: பிடித்தவன் எதுவரை ஓடவேண்டும்?

சீலன் அன்றே ஒரு தபாலட்டை எழுதிப் போட்டான். தபால்பெட்டிக்குப் போகும் வழியில் எனக்கும் காட்டினான்.

“கோடு வரும்வரை, சார். இடையில் யார் எதைப் போர்த்த வந்தாலும் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கோ.”